மாமனார் உட்கார்ந்ததைத் திருப்பிக் கொடுத்தது

மொட்டைப்பனங்குளத்துக்காரர்களுக்கு மூளை இல்லை என்று பக்கத்து ஊர்களில் சொல்வது சுத்தப் பொறாமை. மூளை இருக்கிறது. பயன்படுத்தாமல் புதுசாகவே வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊரில் அண்ணன் தம்பி மூன்று பேர் ஒரே வீட்டில் இருந்தார்கள். மூத்தவர் ஆறுமுகநயினார். நடுவன் பலவேசம். கடைசி இசக்கிமுத்து. மூவரும் தங்கமானவர்கள். பொய் சொல்வதற்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்பதால் அந்தப் பக்கமே போனதில்லை. யாராவது ஒரு காரியம் சொன்னால் சொன்னபடி செய்வார்கள். சொன்னவர்தான் பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

நயினாருக்கு நாற்பது வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. அண்ணனுக்கு முடிந்தால்தான் தம்பிகளுக்கு என்பது வீட்டு ஏற்பாடு. ஆகவே மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நின்றார்கள். வரிசை நகரவே இல்லை.

கடைசியில் தரகர் கந்தப்பழம் ஒரு வரன் கொண்டுவந்தார். சுனையடி கொம்பையாவின் மகள் உலகம்மை. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பெண் பார்த்தார்கள். மயில் கழுத்து நிறத்தில் பட்டுச்சேலை கட்டி வந்து நின்றாள். முந்தானை ஓரத்தில் ஒரு சின்ன அட்டை நூலில் தொங்கியது. இப்போது அப்படி ஒரு மோஸ்தர் வந்திருக்கிறது போல என்று நயினார் நினைத்துக்கொண்டார். உட்காரச் சொன்னதற்கு அவள் உட்காரவில்லை. சேலை தரையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றாள். என்ன அடக்கம் என்று மெய்மறந்துபோன நயினார், கையில் கொடுத்த கேசரியைத் தின்ன மறந்து அப்படியே வீடு வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்.

மனிதருக்கு அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது. நாற்பது வருஷத்தில் ஒருத்தி அவரைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை. இவள் கிடைக்காவிட்டால் இனி எவளும் இல்லை என்று தம்பிகளிடம் சொல்லிச் சொல்லிக் கண்கலங்கினார். தம்பிகளும் கலங்கினார்கள். வரிசையில் அடுத்து நிற்பவர்கள் அல்லவா.

"வெள்ளிக்கிழமை வீடு பாக்க வாராவ," என்றார் கந்தப்பழம். பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஒரு கயிற்றுக் கட்டில் கிடந்தது. மூன்று காலில் ஒரு நாற்காலி சுவரில் சாய்ந்திருந்தது. "வே, இதையா காட்டப் போறீரு?"

"வேற வீடு இல்லியே," என்றார் நயினார்.

"டவுன்ல நிறைகுடம் மாளிகை இருக்குல்லா? போயி ஒரு சோபா, ஒரு பேனு, ஒரு நிலைக்கண்ணாடி, ஒரு கடிகாரம் வாங்கிப் போடும்."

"தேங்கா வித்த காசு இருக்கு. ஆனா அது கல்யாணச் செலவுக்குன்னு வச்சிருக்கேன். அதுல கைய வச்சா கல்யாணம் எப்பிடி நடக்கும்?"

"செலவழிக்க யாருவே சொன்னா? வாங்கும். காட்டும். திருப்பிக் குடும். ஒரு வாரத்துக்குள்ள குடுத்தா முழுக் காசையும் தந்துருவான். ஊருல எல்லாவனும் அப்பிடித்தான் செய்யுதான்."

கந்தப்பழம் சொன்னதில் பொய்யில்லை. டவுனில் நாலெழுத்துப் படித்தவர்கள் எல்லாருக்கும் இந்தக் கலை கைவந்திருந்தது. விருந்தாளி வருகிற வாரம் மெத்தை வாங்குவார்கள். விருந்தாளி பஸ் ஏறியதும் மெத்தை பிடிக்காமல் போய்விடும். கிரிக்கெட் இறுதிப் போட்டிக்கு முந்தின நாள் டிவி வாங்குவார்கள். கோப்பையைக் கொடுத்து முடித்ததும் படம் தெளிவில்லை என்று தெரியவரும். நிறைகுடம் மாளிகை முதலாளி ஜெபமணி அண்ணாச்சியும் லேசுப்பட்டவர் இல்லை. திரும்பி வந்ததைத் துடைத்து, புது உறை போட்டு, இன்றைக்குத்தான் லாரியில் வந்து இறங்கியது என்று அடுத்தவருக்கு விற்பார். ஊரில் எல்லாரும் ஏமாற்றினார்கள். கேட்டுப் பார்த்தால் ஒருவரும் ஏமாறவில்லை. அப்படி ஒரு நல்ல ஊர்.

நயினார் கடைக்குப் போய் நாலு சாமானையும் எடுத்தார். பில் போடுகிற இடத்தில் இருந்த செல்வமேரியிடம், "திருப்பிக் குடுத்தா எடுத்துக்கிடுவியளா?" என்று கேட்டார்.

"பயன்படுத்தாம இருந்தா எடுத்துக்கிடுவோம் அண்ணாச்சி," என்றாள் அவள்.

வேறொருவர் என்றால் இதைக் காதில் வாங்கியிருக்கவே மாட்டார். நயினார் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். தம்பிகளையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தார். பயன்படுத்தக் கூடாது, பயன்படுத்தக் கூடாது என்று மூன்று பேரும் லோடு ஆட்டோவில் ஊர் வரும் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

வழியிலேயே சங்கடம் வந்துவிட்டது. ஆட்டோவின் பின்பக்கம் நிறுத்தியிருந்த நிலைக்கண்ணாடியில், பின்னால் சைக்கிளில் வந்த ஒருவர் தலையைச் சரிசெய்துகொண்டார்.

"அண்ணே, பயன்படுத்திட்டான்," என்றான் இசக்கிமுத்து.

உடனே வண்டியை நிறுத்தி, பலவேசம் தன் வேட்டியை அவிழ்த்துக் கண்ணாடியை மூடினான். அதன் பிறகு கண்ணாடிக்கு ஒரு குறையும் வரவில்லை. வேட்டியில்லாமல் நின்றபடி வந்த பலவேசத்தை மூன்று ஊர்க்காரர்கள் பார்த்தார்கள். ஆனால் பலவேசத்தை யாரும் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை.

வீட்டில் சாமான்களை இறக்கி வைத்துவிட்டு மூவரும் தரையில் உட்கார்ந்து ஆலோசனை செய்தார்கள்.

"சோபாவுல உக்காந்தா பயன்படுத்துனதாயிரும்," என்றார் நயினார். "நின்னுக்கிடணும்."

"கண்ணாடியப் பாத்தாலே பயன்படுத்துனதுதான். செவுத்தப் பாத்து திருப்பி வச்சிருவோம். செவுரு என்ன, தலையா சீவப் போவுது?" என்றான் பலவேசம்.

"கடிகாரம்?"

"பேட்டரி போட வேண்டாம். ஓடுனா மணி பாக்கத் தோணும்."

கடிகாரம் கடையில் இருந்தபடியே பத்து பத்தில் நின்றது. பேன் மூலையில் நின்றது. வியர்த்துக் கொட்டியபோது இசக்கிமுத்து ஓலை விசிறியால் விசிறிக்கொண்டான். அந்தக் காற்று பேன் மேல் பட்டுவிடுமோ என்று பயந்து வெளியே போய் விசிறிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் கந்தப்பழம் முதல் ஆளாக வந்துவிட்டார். அண்ணன் தம்பிகள் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். "மாமனாரு என்ன சொன்னாலும் தலைய ஆட்டுங்க. வாய மட்டும் தொறக்காதீங்க," என்று சொல்லி வைத்தார்.

பதினொன்றேகாலுக்குக் கொம்பையாவும் அவர் சம்சாரமும் வந்து சேர்ந்தார்கள். பஸ் பஞ்சராகி நேரமாகிவிட்டது. ராகு காலம் பிறந்துவிட்டதே என்று கவலையோடு உள்ளே வந்த கொம்பையா சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "அடடே, பத்து பத்துதானா? நல்ல நேரத்துக்குள்ள வந்துட்டோம்," என்று வலது காலை எடுத்து வைத்தார்.

இசக்கிமுத்து ஒரு விரலை மடித்துக்கொண்டான். ஓடாத கடிகாரத்தையே ஒரு மனிதர் பயன்படுத்திவிட்டார்.

கொம்பையா புதுச் சட்டை போட்டிருந்தார். காலருக்கு அடியில் கடைக்காரன் வைத்த அட்டை அப்படியே இருந்ததால் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பினார். "உக்காரலாமா?" என்று சோபாவைக் காட்டிக் கேட்டார்.

மூவரும் தலையாட்டினார்கள். வாயைத் திறக்கக் கூடாது என்பதால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. கொம்பையா உட்கார்ந்தார். பிளாஸ்டிக் உறை சரசரத்தது. நயினார் கண்ணை மூடிக்கொண்டார்.

"பேன் போடலாமா?"

தலையாட்டினார்கள். அவரே எழுந்து ஸ்விட்சைப் போட்டார்.

"கண்ணாடி ஏன் திரும்பியிருக்கு? திருப்பி வைக்கட்டுமா?"

தலையாட்டினார்கள். திருப்பி வைத்து, எதிரே போய் நின்று, மீசையை மேலே முறுக்கிவிட்டு வந்தார்.

"கடன் கிடன் உண்டுமா மாப்ள?"

தலையாட்டினார்கள்.

"இல்லியே?"

அதற்கும் தலையாட்டினார்கள். கொம்பையாவுக்குத் திருப்தி. அவர் சம்சாரத்துக்கு அதைவிடத் திருப்தி. பேசாத மாப்பிள்ளை லேசில் கிடைப்பாரா? அலுமினிய டம்ளரில் டீ வந்தது. கொம்பையா புதுச் சட்டையில் சிந்தாமல் கழுத்தை வெளியே நீட்டி, ஊதி ஊதிக் குடித்து முடிக்கிற வரைக்கும் சோபாவில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, "எங்களுக்குச் சம்மதம்," என்றார்.

அவர்கள் போன பிறகு மூன்று பேரும் சோபாவைச் சுற்றி நின்றார்கள். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. கல்யாணத்துக்கு வைத்திருந்த காசு சோபாவாகவும் பேனாகவும் எதிரில் நிற்கிறது. அது திரும்பி வராவிட்டால் தாலி வாங்கக்கூட வழியில்லை.

"மாமா உக்காந்துட்டாரே," என்றார் நயினார்.

"நாம உக்காரலியே. அவருதான உக்காந்தாரு?" என்றான் இசக்கிமுத்து.

"சோபாவுக்கு யாரு உக்காந்தா என்னலே. உக்காந்த எடம் உக்காந்த எடந்தான்," என்றான் பலவேசம்.

மறுநாள் சனிக்கிழமை, நாலையும் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனார்கள். திருப்பிக் கொடுக்கிற வரிசை வாசல் வரைக்கும் நின்றது. வாங்குகிற பக்கத்தில் ஈ ஓட்டினார்கள். முன்னால் நின்றவர் சுருட்டிய மெத்தையைச் செல்வமேரியின் மேஜையில் வைத்தார். அதிலிருந்து கைக்குழந்தை வாடை வந்தது.

"பயன்படுத்துனீங்களா?" என்றாள் செல்வமேரி, நிமிர்ந்து பார்க்காமல்.

"சேச்சே. பிரிக்கவே இல்லம்மா."

பணத்தை எண்ணிக் கொடுத்தாள். அடுத்து நயினார்.

"பயன்படுத்துனீங்களா?"

"பயன்படுத்துனோம்மா."

"சரி, பில்லக் குடுங்க," என்று கையை நீட்டியவள் பாதியில் நிறுத்தினாள். அந்த மேஜையில் உட்கார்ந்த நாளிலிருந்து அப்படி ஒரு பதிலை அவள் கேட்டதில்லை. "என்ன சொன்னீங்க?"

நயினார் வரிசைக்கிரமமாகச் சொன்னார். சோபாவில் மாமா ஒரு டம்ளர் டீ குடிக்கிற நேரம் உட்கார்ந்தார். பேனில் அதே நேரத்துக்குக் காற்று வாங்கினார். கண்ணாடியில் மீசை முறுக்கினார். கடிகாரம் ஓடவில்லை, இருந்தாலும் அதிலிருந்து நல்ல நேரத்தை அவராகவே எடுத்துக்கொண்டார்.

"பயன்படுத்துன சாமான எடுக்க மாட்டோம் அண்ணாச்சி," என்றாள் செல்வமேரி. அவளுக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. ஆனால் இப்படி வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்கிறவருக்கு அவள்தான் என்ன செய்ய முடியும்?

மூவரும் ஓரமாகப் போய் நின்று பேசினார்கள்.

"அந்தப் புள்ள சொல்லுதது நியாயம்தான்," என்றான் பலவேசம். "நாம சாமான மட்டுந்தான திருப்புதோம்? அதுல அனுபவிச்சத திருப்பலியே. ஒருத்தன் வீட்டுல வயிறு முட்டச் சாப்புட்டுட்டு இலைய மட்டும் திருப்பிக் குடுத்தா அவன் ஒத்துக்கிடுவானா?"

"அனுபவிச்சத எப்பிடிலே திருப்ப?"

"எப்பிடி எடுத்தோமோ அப்பிடியே மாத்திச் செய்யணும். மாமா சோபா மேல உக்காந்தாரு. இப்ப சோபா அவரு மேல உக்காந்தா நேராயிரும்."

நயினார் தம்பியை வியப்போடு பார்த்தார். "மாமா இங்க இல்லியே."

"நான் படுக்கேன். நாளைக்குச் சம்பந்தக்காரங்கதான."

பலவேசம் கடையின் நடுவில் மல்லாந்து படுத்தான். மற்ற இருவரும் சோபாவைத் தூக்கி அவன் மேல் வைத்தார்கள். இரண்டு பக்கமும் தலையும் காலும் மட்டும் தெரிந்தன. எவ்வளவு நேரம் என்பதில் மோசடி வரக் கூடாது என்று இசக்கிமுத்து எதிர்க்கடையிலிருந்து ஒரு டம்ளர் டீ வாங்கி வந்தான். ஒரு கையால் டீயைக் குடித்தபடி, மறு கையால் பேனின் இறக்கையைப் பின்னோக்கிச் சுற்றினான். டீ கொஞ்சம் தளும்பிச் சோபாவின் ஓரத்தில் விழுந்தது. கொடுத்த காற்றைப் பேன் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டாமா.

"சீக்கிரம் குடிலே," என்றான் பலவேசம், சோபாவுக்கு அடியிலிருந்து.

"சூடா இருக்குண்ணே. மாமா ஊதித்தான் குடிச்சாரு. நானும் ஊதித்தான் குடிக்கணும்."

கூட்டம் கூடிவிட்டது. இவர்களுக்கு அடுத்து வரிசையில் நின்றவர் கண்ணாடி போட்டு, சட்டைப் பையில் இரண்டு பேனா செருகிய பெரிய மனிதர். கையில் மிக்ஸி வைத்திருந்தார். இசக்கிமுத்து எட்டி அந்த ஜாருக்குள் பார்த்தான். அடியில் தேங்காய்ச் சட்னி ஒட்டியிருந்தது.

"அண்ணாச்சி, உங்களுக்கு எங்களவிடக் கஷ்டம்," என்றான் உண்மையான கரிசனத்தோடு. "சட்னியத் திரும்பத் தேங்காயா ஆக்கணும். நீங்க கவலப்படாதீங்க. எங்க வேலைய முடிச்சிட்டு மூணு பேருமா வந்து பாக்கோம். எவ்வளவு தின்னீங்க?"

வரிசை முழுக்க ஒரு அசைவு ஓடியது. குக்கர் வைத்திருந்தவர் அதைத் துண்டால் மூடினார். மாடியிலிருந்து ஜெபமணி அண்ணாச்சி இறங்கி வந்தார். கடை நடுவில் ஒரு சோபா, அதன் அடியில் ஒரு தலை. அவர் வாயைத் திறப்பதற்குள் மிக்ஸிக்காரர் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், முதல்ல இவங்க பணத்தக் குடுத்து அனுப்புங்க. கௌரவமான குடும்பத்து ஆளுங்க வந்து போற கடை சார் இது."

கௌரவமான குடும்பத்து ஆட்கள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஜெபமணி அண்ணாச்சி கணக்குப் போட்டுப் பார்த்தார். சோபாவைத் துடைத்து விற்றுவிடலாம். உண்மை பேசுகிற ஒருத்தன் இன்னும் கொஞ்ச நேரம் வரிசையில் நின்றால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். செல்வமேரியிடம் கண்ணைக் காட்டினார். நயினாரின் கைக்குப் பணம் வந்தது.

"கணக்கு நேராயிட்டா அண்ணாச்சி?" என்று கேட்டார் நயினார்.

"நேராயிட்டு. போயிட்டு வாங்க."

"இன்னும் கண்ணாடி பாக்கி. அத வச்சிட்டுப் பணத்த வாங்குனா தப்பு," என்று நயினார் நிலைக்கண்ணாடிக்கு எதிரே போய் நின்றார். மாமனார் முன்னோக்கி நடந்து வந்து மீசையை மேலே முறுக்கினார் அல்லவா. இவர் மீசையைக் கீழே இழுத்து விட்டபடி பின்னோக்கி நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் கண்ணாடியில் கடை பெரிதாகத் தெரிந்துகொண்டே வந்தது. துணிப் பிரிவு தெரிந்தது. அங்கேயும் திருப்பிக் கொடுக்கிற வரிசை ஒன்று தெரிந்தது. அதில் கழுத்தைத் திருப்ப முடியாமல் ஒருவர் நின்றார். பக்கத்தில், மயில் கழுத்து நிறச் சேலையை மடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, உலகம்மை.

நயினார் கண்ணாடியை மறுபடியும் பயன்படுத்திவிட்டார். அது அவர் நினைவுக்கே வரவில்லை. திரும்பி ஓடினார்.

"பிரிக்கவே இல்லம்மா," என்று கொம்பையா சேலையை வாங்கி மேஜையில் வைத்தபடி கடைப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இல்ல மாமா, மறந்துட்டியளா? ஞாயித்துக்கெழம கட்டியிருந்தாவளே. நான் பாத்தேனே," என்றார் நயினார், பெண்ணைக் கண்ட சந்தோஷத்தில்.

கொம்பையாவின் முகம் கறுத்தது. கடைப் பெண் சேலையைத் திருப்பித் தள்ளிவிட்டாள். "மாப்ள," என்றார் கொம்பையா பல்லைக் கடித்துக்கொண்டு, "ஊரு கூடி நிக்கிற எடத்துல எம் மானத்த வாங்குதீரு. வாயே தொறக்காத மாப்ளன்னுதான நான் சம்மதிச்சேன்? இந்தச் சேலைய இவுக திருப்பி எடுக்காட்டா இந்தச் சம்பந்தமும் வேண்டாம்."

நயினாருக்குத் தலையாட்டுவதா வேண்டாமா என்றுகூடத் தெரியவில்லை.

உலகம்மை இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வந்ததிலிருந்து அவள் சோபாவையும் அதன் அடியில் கிடந்த பலவேசத்தையும் பேனைச் சுற்றிய இசக்கிமுத்துவையும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அப்பா, கோவப்படாதீங்க," என்றாள். "சேலையில அழுக்குப் படல. தரையில படல. நான் உக்காரக்கூட இல்ல. இவிய பாத்தது ஒண்ணுதான் சேலைக்கு ஆன சேதாரம். பாத்ததத் திருப்பிக் குடுத்துட்டா சேல பழையபடி புதுசு."

நயினார் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். இப்படி ஒரு அறிவான பேச்சை அவர் தம்பிகளைத் தவிர வேறு யாரிடமும் கேட்டதில்லை.

"அப்ப திருப்பிக் குடும்," என்றார் கொம்பையா.

சோபாவுக்கு அடியிலிருந்து பலவேசம் தலையைத் தூக்கினான். "அண்ணே, யோசிச்சுச் செய்யி. பாத்தத திருப்பிட்டா, புடிச்சிருக்குன்னு நீ சொன்னதும் அதோட சேந்து போயிரும். பாக்காத பொண்ண எப்பிடிக் கட்டுவ?"

பெரிய சிக்கல்தான். வரிசையில் நின்ற கௌரவமான ஆட்களே கொஞ்ச நேரம் யோசித்தார்கள். நயினார் கையிலிருந்த பணத்தைப் பார்த்தார். உலகம்மையைப் பார்த்தார். நாற்பது வருஷத்தில் அவர் தன் சொந்த யோசனையில் பேசியது அந்த ஒரு தடவைதான்.

"மாமா, சோபாவக் குடுத்துட்டேன். பேனக் குடுத்துட்டேன். இவளப் பாத்தத மட்டும் குடுக்க மாட்டேன். அத நான் வச்சுக்கிடுதேன். சேலைக் காசு எவ்வளவோ, இதுல எடுத்துக்கிடுங்க."

உலகம்மை தலையைக் குனிந்துகொண்டாள். கொம்பையா மனம் உருகிப் பணத்தை எடுத்துக்கொண்டார். சேலையின் விலையோடு, தன் சட்டைக்கும் சம்சாரத்தின் சேலைக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டதை நயினார் கவனிக்கவில்லை. கண்ணில் நீர் நிறைந்திருந்தது.

அன்றிலிருந்து நிறைகுடம் மாளிகையில் ஒரு மாற்றம் செய்தார்கள். பயன்படுத்துனீங்களா என்று யாரையும் கேட்பதில்லை. கேட்டால்தானே எவனாவது பதில் சொல்வான்?

தை மாதம் கல்யாணம் நடந்தது. மயில் கழுத்து நிறச் சேலைதான் கூறைச்சேலை. மீதிக் காசில் தாலியும் சாப்பாடும் சிக்கனமாக முடிந்தன. பந்தி முடிந்து ஜனங்கள் வீட்டைச் சுற்றிப் பார்க்க வந்தபோது, வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்றது. மகளுக்குக் கொம்பையா செய்த சீர். ஒரு சோபா, ஒரு பேன், ஒரு நிலைக்கண்ணாடி, ஒரு கடிகாரம். இன்றைக்குத்தான் லாரியில் வந்து இறங்கியது என்று ஜெபமணி அண்ணாச்சி சொன்னாராம். சோபாவின் ஓரத்தில் டீ சிந்திய கறை ஒன்று இருந்தது. இசக்கிமுத்துவுக்கு அதை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.

கொம்பையா மாப்பிள்ளையின் காதோரம் குனிந்தார். "வந்தவுக கண்ணுல படுற மாதிரி வையும். அடுத்த வாரம் திருப்பிரணும். யாரும் பயன்படுத்தாதீங்க."

நயினார் தலையாட்டினார். தம்பிகள் கண்ணாடியைச் சுவரைப் பார்த்துத் திருப்பினார்கள். பேனிலிருந்து தள்ளி நின்றார்கள். கொம்பையாவின் யோசனையை உலகம்மையிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. விடியற்காலையிலிருந்து மணையில் உட்கார்ந்து இடுப்பு ஒடிந்துபோயிருந்த அவள், இதுதான் நம் வீடு என்று நிம்மதியாக மூச்சு விட்டு, நேராகப் போய்ச் சோபாவில் உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் உறை சரசரத்தது.

கொம்பையா தலையில் கை வைத்துக்கொண்டார்.

பலவேசம் துண்டை உதறி இடுப்பில் கட்டிக்கொண்டு தரையில் படுக்கப் போனான். நயினார் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"நீ எந்திரிலே. மாமாவுக்கு நீ படுத்த, சரி. இனிமே இவ உக்காந்ததுக்கெல்லாம் நான்தான் படுக்கணும்."

விஷயம் விளங்கியதும் உலகம்மை பதறி எழுந்தாள். நயினார் மாலையோடு மல்லாந்து படுத்தார். தம்பிகள் சோபாவைத் தூக்கி அவர் மேல் வைத்தார்கள். ஒரு பக்கம் மாலையும் தலையும், மறுபக்கம் பட்டு வேட்டியும் காலும் தெரிந்தன. மொய் எழுத வந்தவர்கள் எந்தப் பக்கம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

இசக்கிமுத்து ஓடிப்போய் ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து மைனி உலகம்மையின் கையில் கொடுத்தான். கணவன் மேல் இருக்கிற பாரத்தைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கியது. அவசரம் அவசரமாக ஒரு வாய் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டாள்.

"மெதுவாக் குடி உலகு," என்று சோபாவுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "ஊதிக் குடி. எனக்கு ஒரு அவசரமும் இல்ல."